பழைய படகுக்குக் குறைந்த செலவில் ஒரு ஸ்மால் பிளாக்: எந்தக் கேம்ஷாஃப்ட், எந்தப் பாகங்கள்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நன்னீர் ஏரி ஒன்றில் ஓடும் 19 அடிப் படகு. கட்டப்பட்ட ஆண்டு 1985. அதில் மெர்க்ரூசர் 260 என்ற 5.7 லிட்டர் என்ஜினும், அதன் திறனைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் ஆல்ஃபா ஒன் டிரைவும் இருக்கின்றன. குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்டதால் உள்ளே பனிக்கட்டி உறைந்து என்ஜின் பிளாக் வெடித்துவிட்டது. அதற்குப் பதிலாக, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் 1997-ஆம் ஆண்டு செவ்ரோலெட் பிக்கப்பின் 350 கன அங்குல (5.7 லிட்டர்) ஸ்மால் பிளாக் வகை வோர்டெக் என்ஜின் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. அதற்கு எந்தக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) போடலாம், வேறு எவற்றை மாற்ற வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்கிறேன். அந்த என்ஜினுக்குள் இப்போது இருக்கும் கேம்ஷாஃப்ட் தேயாமல் நல்ல நிலையில் இருந்தால், அதை மாற்றாதீர்கள். கேம்முக்கு ஒதுக்கிய பணத்தை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் படகுக்கே உரிய மின்பாகங்களுக்கும் திருப்பிவிடுங்கள். கார் என்ஜின் கட்டிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் படகில் கேம்ஷாஃப்டின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: புரொப்பெல்லர் அனுமதிக்கும் சுற்றுவேகம் ஒன்று, தண்ணீர் கலந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் மற்றொன்று. இரண்டும் சிறிய கேம்மையே கேட்கின்றன.

முதலில் சுற்றுவேகம். இவ்வகை 5.7 லிட்டர் என்ஜின்களுக்கு முழு த்ராட்டிலில் பொதுவாக நிமிடத்துக்கு 4,400 முதல் 4,800 சுற்றுகள்வரை என்று வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் என்ஜினுக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் கியரை மாற்றி என்ஜினை எந்த வேகத்துக்கும் கொண்டுபோகலாம். படகில் இருப்பது ஒரே கியர். தண்ணீரின் பிடியை மீறிப் புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் திறன், சுற்றுவேகத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. அதாவது, ஒரே புரொப்பெல்லரை 4,400-இலிருந்து 4,800-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் வெறும் ஒன்பது சதவீதக் கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 5,800 சுற்றில் உச்சத்தைத் தொடும் கேம் ஒன்றை வாங்கிப் போட்டால், அந்த உச்சத்தை உங்கள் படகு ஒருநாளும் எட்டாது. ஆனால் அதற்காக விட்டுக்கொடுத்த கீழ்வேக முறுக்குவிசையின் குறையை, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நீர்மேல் எழத் திணறும் ஒவ்வொரு முறையும் உணர்வீர்கள். பெரும்பாலான நேரம் 3,000 முதல் 3,500 சுற்றில்தான் ஓட்டப்போகிறீர்கள். அங்கே இழுக்கிற என்ஜின்தான் நல்ல படகு என்ஜின்.

இப்போது நீங்கள் வாங்கவிருக்கும் பிக்கப் என்ஜினைப் பாருங்கள். எல்31 என்று அழைக்கப்படும் இந்த என்ஜின் வண்டியில் 4,600 சுற்றில் 255 குதிரைத்திறனையும், 2,800 சுற்றில் 330 பவுண்டு-அடி முறுக்குவிசையையும் கொடுத்தது. உங்கள் புரொப்பெல்லர் எந்த வரம்பில் சுழல வேண்டுமோ, அதே வரம்பில்தான் இதன் உச்சத் திறன் இருக்கிறது. சுமை இழுக்கும் வண்டிக்காகத் தேர்ந்தெடுத்த கேம் படகுக்கும் பொருந்துவது தற்செயல் அன்று; இரண்டுக்கும் வேலை ஒன்றே.

இரண்டாவது விஷயமான எக்ஸாஸ்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. படகில் எக்ஸாஸ்ட் புகையைக் குளிர்விக்க, மேனிஃபோல்டின் மேல் அமர்ந்திருக்கும் ரைசர் வளைவின் முனையில் ஏரித் தண்ணீரைக் கலக்கிறார்கள். அந்த நீர்த்தாரைக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் சிறு இடைவேளையே ஓவர்லாப். ஐட்லிங்கில் இன்டேக் பக்கம் வெற்றிடம் பலமாக இருக்கும். ஓவர்லாப் அதிகமானால் அந்த வெற்றிடம் வெளியேறிக்கொண்டிருக்கும் புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும், புகையோடு நீர்த்திவலையும் வரும். இது ஒரே நாளில் என்ஜினைக் கொல்லாது. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டிலும் இருக்கையிலும் துருவாகத் தொடங்கி, பிஸ்டன் ரிங்குகளைப் பிடித்து, கடைசியில் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.

நண்பர் ஒருவரின் படகில் இதை நேரில் பார்த்தேன். இழுவைப் பந்தய வண்டிக்கான கேம் ஒன்றை மலிவாகக் கிடைத்ததென்று போட்டிருந்தார். கரையில் நின்று கேட்டால் ஐட்லிங் ஒலி கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரே கோடை ஓடியபின், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வுகளின் பின்புறம் ஆரஞ்சு நிறத் துரு பொடியாக ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்ததும் கீழே உலோகம் குழிகுழியாக அரித்திருந்தது தெரிந்தது. மேனிஃபோல்டைக் கழற்றிச் சோதித்தோம், எங்கும் கசிவு இல்லை. தண்ணீர் வந்த வழி கேம்தான்.

ஓவர்லாப்பை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். கேம் தள்ளி உயர்த்தும் லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்த நிலையில் அளந்த இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களை, அதாவது வால்வு திறந்திருக்கும் கோண அளவுகளை, கூட்டி இரண்டால் வகுங்கள். வால்வுகளைத் தள்ளும் கேம்மின் மேடுகளே லோப்கள்; இன்டேக் லோப்புக்கும் எக்ஸாஸ்ட் லோப்புக்கும் இடையிலுள்ள இடைக்கோணத்தின் இருமடங்கை அதிலிருந்து கழியுங்கள். எல்31-இன் தொழிற்சாலைக் கேம் 191/196 பாகை, இடைக்கோணம் 111. சராசரி 193.5, கழிக்க வேண்டியது 222. விடை மைனஸ் 28.5, அதாவது ஓவர்லாப் மிகக் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ராம்ஜெட் 350 என்ஜினில் பயன்படுத்திய ரோலர் கேம் 196/206, இடைக்கோணம் 109; விடை மைனஸ் 17. 218/226 பாகையும் 112 இடைக்கோணமும் கொண்ட கேம் மைனஸ் 2-இல் வந்து நிற்கும். 230/236, 110 என்றால் பிளஸ் 13 ஆகிவிடும். மைனஸ் 10-க்குக் கீழே இருக்கும்வரை சாதாரண வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோடு கவலையின்றி ஓட்டலாம் என்பது என் அனுபவக் கணிப்பு. பூச்சியத்தை நெருங்கும்போது ரைசரின் உயரம், நீர் கலக்கும் இடம் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். பூச்சியத்தைத் தாண்டினால், குறைந்த செலவில் கட்டும் படகுக்கு அது தேவையே இல்லை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. படகுக்கு 112 அல்லது 114 பாகை இடைக்கோணம் உள்ள கேம்தான் வாங்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மேலே 109 பாகைக் கேம், 112 பாகைக் கேம்மைவிட மிகக் குறைந்த ஓவர்லாப்போடு வந்திருக்கிறது, ஏனென்றால் அதன் டியூரேஷன் குறுகியது. இடைக்கோணத்தை மட்டும் பார்த்து வாங்காமல் மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக, கையிலுள்ள கேம்மின் லோப்கள் வழவழப்பாக இருந்து, ரோலர் லிஃப்டர்களின் உருளைகள் ஆட்டமின்றிச் சுழன்றால், அப்படியே விட்டுவிடுங்கள். லோப் தேய்ந்திருந்தாலோ சற்றுக் கூடுதல் இழுவை வேண்டுமென்றாலோ, மேலே சொன்ன 196/206 கேம் நல்ல தேர்வு. அதற்கு அடுத்த படியாக 208/214, 112 போன்ற அளவில் கடல்வகை (படகுக்கான) என்ஜின்களுக்கென்றே தயாரிக்கும் கேம்கள் உண்டு; அவற்றின் ஓவர்லாப் மைனஸ் 13 என்று வரும். அதைத் தாண்டாதீர்கள். ஆல்ஃபா ஒன் டிரைவ் 300 குதிரைத்திறன் அளவுக்கே ஏற்றது என்பதையும் மனத்தில் வையுங்கள். என்ஜினில் சேர்க்கும் ஒவ்வொரு குதிரைத்திறனையும் அந்தச் சிறிய கியர்கள்தான் தாங்கியாக வேண்டும்.

கேம்மை மாற்றுவதென்றால் வோர்டெக் ஹெட்டின் வரம்பை அறிந்திருக்க வேண்டும். இவை அருமையான ஹெட்கள். 64 கன சென்டிமீட்டர் எரியறையும் நல்ல காற்றுவழியும் கொண்டவை. ஆனால் தொழிற்சாலை நிலையில் வால்வு அதிகம் எழ இடமில்லை. ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் ரிடெய்னர், வால்வு கைடின் மேலுள்ள எண்ணெய் சீலில் போய் மோதிவிடும். எல்31-இன் தொழிற்சாலைக் கேம்மின் லிஃப்ட் (வால்வை எழுப்பும் அளவு) 0.414/0.428 அங்குலம், ராம்ஜெட் கேம்மினுடையது 0.431/0.451. இந்த 0.451 ஏறக்குறைய விளிம்பில் நிற்கும் எண். எனவே ஸ்பிரிங்கைக் கழற்றி, அதன் இடத்தில் மென்மையான சோதனை ஸ்பிரிங் போட்டு, ரிடெய்னர் சீலைத் தொடும்வரை வால்வைக் கீழே அழுத்தி, டயல் இண்டிகேட்டரால் அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கேம்மின் லிஃப்டைவிடக் குறைந்தது 0.050 அங்குலம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் கைடைக் கடைந்து குறைக்க வேண்டும், இல்லையேல் சிறிய ரிடெய்னர் கொண்ட, மேலே குறுகும் பீஹைவ் ஸ்பிரிங் வாங்க வேண்டும். பல வருட ஓட்டத்தில் தளர்ந்த ஸ்பிரிங்கோடு புதிய கேம்மைப் போடுவது வீண்.

ஹெட்டைப் பற்றி இன்னும் இரண்டு. வோர்டெக் ஹெட்கள் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையருகே விரிசல் விடும் பழக்கம் கொண்டவை. காசு கொடுக்கும் முன் மெஷின் ஷாப்பில் விரிசல் சோதனை செய்யுங்கள். இவற்றின் ராக்கர்கள் வால்வு நுனியைத் தாமே பிடித்து நேராக நிற்பவை. அவற்றோடு புஷ்ராடுக்கான வழிகாட்டித் தகட்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து உரசித் தேயும்.

பழைய என்ஜினிலிருந்து எவை மாறும், எவை மாறாது என்பதற்கு வருகிறேன். உங்கள் 1985 என்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின்) பின்புற ஆயில் சீல் இரண்டு துண்டுகளால் ஆனது. 1986 முதல் அது ஒரே துண்டாக மாறியது, அதோடு கிராங்கின் பின்முனையும் மாறிவிட்டது. பழைய ஃப்ளைவீலின் போல்ட் வட்டம் 3.58 அங்குலம், புதியதில் 3.00 அங்குலம். மேலும் புதிய கிராங்கின் சமநிலைக்கான எடையில் ஒரு பகுதி ஃப்ளைவீலிலேயே இருக்கிறது. ஆகவே 1986-க்குப் பிந்தைய ஃப்ளைவீல் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும். ஆயில் பேனும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். பக்கவாட்டு மவுண்ட்டுகளும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பும் பழையபடியே பொருந்தும். இன்டேக் மேனிஃபோல்டு பொருந்தாது: பழைய ஹெட்டில் 12 போல்ட், வோர்டெக்கில் 8. நான்கு வாய்க் கார்புரேட்டருக்கான வோர்டெக் மேனிஃபோல்டை, குவாட்ராஜெட் வகைக் கார்புரேட்டரின் சிறிய, பெரிய வாய்களுக்கு ஏற்ற அமைப்பில் வாங்கினால், படகில் ஏற்கெனவே உள்ள கடல்வகைக் கார்புரேட்டரையே மீண்டும் பயன்படுத்தலாம். இந்த ஒரு முடிவிலேயே கணிசமான தொகை மிஞ்சும்.

பெட்ரோல் பம்ப்புக்கு எல்31 பிளாக்கில் இடம் வார்த்திருந்தாலும் துளையிட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்டு. பிளாக்கைப் பார்த்தபின்தான் இயந்திர பம்ப்பா மின் பம்ப்பா என்று முடிவு செய்ய வேண்டும். மின் பம்ப் போட்டால், என்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் மட்டுமே அது இயங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுப்பது அதற்கான வழக்கமான வழி.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடிக் கியரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய தட்டை லிஃப்டர் (உருளை இல்லாத லிஃப்டர்) கேம் வார்ப்பிரும்பால் ஆனது, அதற்கேற்ற கியர் உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும். எஃகாலான ரோலர் கேம்மோடு அதை ஓட்டினால் பற்கள் விரைவில் கத்திமுனைபோலத் தேய்ந்து, அந்தத் துகள் முழுவதும் எண்ணெயில் கலந்துவிடும். கேம் தயாரிப்பாளர் சொல்லும் கடினப்படுத்திய கியரைப் போடுங்கள்.

சிலிண்டர்கள் தேய்ந்திருந்து 0.030 அங்குலம் கடைய வேண்டியிருந்தால், பிஸ்டன் வாங்கும்போது அழுத்த விகிதத்தைக் கணக்கிடுங்கள். 4.030 அங்குலத் துளை, 3.48 அங்குல ஸ்ட்ரோக், 64 கன சென்டிமீட்டர் எரியறை, 0.039 அங்குலக் கேஸ்கெட், பிஸ்டன் தலை பிளாக்கின் மட்டத்துக்கு 0.025 கீழே என்று கொள்வோம். வால்வுக்கான வெட்டுகள் மட்டும் உள்ள தட்டைப் பிஸ்டன் ஏறத்தாழ 9.7 என்ற விகிதத்தைத் தரும். 12 கன சென்டிமீட்டர் குழிவுள்ள பிஸ்டன் 9.1 தரும். காரில் 9.7 பெரிய விஷயமல்ல. ஆனால் படகு என்ஜின், முடிவே இல்லாத மலையேற்றத்தில் ஓடும் வண்டிக்குச் சமம்; படகுத்துறையில் கிடைக்கும் 87 ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங் (எரிபொருள் முறைகெட்டு வெடித்து எரிவது) தொடங்கினாலும் என்ஜினின் இரைச்சலில் அது காதில் விழாது, பிஸ்டன் உடைந்த பிறகே தெரியும். எனவே குழிவுள்ள பிஸ்டனையே பரிந்துரைக்கிறேன்.

ரோலர் அல்லாத பழைய பிளாக் ஒன்றுதான் கடைசியில் கிடைக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை. தட்டை லிஃப்டர் கேம்மைப் புதிதாகப் போட்டால் லிஃப்டர்களும் புதியவையாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனவுடனே சுமார் 20 நிமிடம் 2,000 முதல் 2,500 சுற்றில் ஓட்டி லோப்களைப் பதப்படுத்த வேண்டும். படகைக் கரையில் வைத்து, தோட்டக் குழாயிலிருந்து தண்ணீர் கொடுத்து இதைச் செய்யும்போது நீர் போதாமல் போனால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் உருகிவிடும். படகை நீரில் இறக்கிக் கட்டிவைத்துச் செய்வதே பாதுகாப்பு. துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள எண்ணெயும் வேண்டும், இன்றைய கார் எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள்.

கார் பாகத்தை எங்கே போடவே கூடாது என்பதில் நான் சற்றும் இறங்கிவர மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரின் அடியில் அது காற்றோடு போய்விடும், படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். கடல்வகை ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி கட்டப்பட்டவை. கடல்வகைக் கார்புரேட்டர், நிரம்பி வழியும் பெட்ரோலை வெளியே விடாமல் தன் வாய்க்குள்ளேயே திருப்பிவிடும். இயந்திரப் பெட்ரோல் பம்ப்பில் இரட்டை டயஃப்ரம் இருக்கும். காற்று நுழையும் இடத்தில் தீத்தடுப்பு வலை கட்டாயம். 1940 ஏப்ரல் 25-க்குப் பின் பொருத்தப்பட்ட உள்பொருத்துப் பெட்ரோல் என்ஜின்கள் அனைத்துக்கும் அமெரிக்காவில் இது சட்டம். நல்லவேளையாக, இவை எல்லாம் உங்கள் வெடித்த என்ஜினின்மேல் ஏற்கெனவே இருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து, புதுப்பித்து, மாற்றிப் பொருத்துங்கள். நீர்ச்சுழற்சி பம்ப்பையும் பிக்கப்பினுடையதை விட்டுவிட்டுப் படகினுடையதையே எடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டு எஃகு மூடிகளை எடுத்துவிட்டுப் பித்தளை மூடிகளை அடியுங்கள், ஹெட் கேஸ்கெட்டும் கடல்வகையாகவே இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும்தான் மிச்சம். ஒரு கேம்மைவிடப் பல மடங்கு விலை இவற்றுக்கு. ஆனாலும் புதிய என்ஜினில் நாற்பது வருட மேனிஃபோல்டை மாட்டுவதைவிட, கேம்மைத் தொடாமல் இருப்பதே மேல். நன்னீரில் ஓடியதால் உங்களுடையவை பிழைத்திருக்கக்கூடும். பிளாக்கை வெடிக்கவைத்த அதே பனி இவற்றிலும் விரிசலை ஏற்படுத்தியிருக்கலாம் என்பதால், நீர்வழிகளை அடைத்து அழுத்தச் சோதனை செய்யாமல் மீண்டும் பொருத்தாதீர்கள். ரைசருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் அமரும் பரப்பில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். குழிகள் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தால் அந்தப் பாகத்துக்கு இனி எதிர்காலம் இல்லை.

ஓட்டத் தொடங்கும்போது, 3,500 சுற்றில் டைமிங் லைட் வைத்து மொத்த இக்னிஷன் முன்னேற்றம் 32 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வோர்டெக் எரியறை வேகமாக எரிப்பதால் பழைய ஹெட்டுக்குத் தேவைப்பட்ட அளவு இதற்கு வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் புளோயரை (என்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறியை) ஓட்டுங்கள். வழக்கமான ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரம்பின் மேல்பகுதியைத் தொடாவிட்டால், புரொப்பெல்லரின் பிட்ச்சில் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரத்தில்) ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும்.

முதல் பத்து மணி நேரம் ஓடியபின் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் எண் வரிசையில் ஒரு பலகையில் அடுக்கிப் பாருங்கள். எட்டும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால் கேம்மும் எக்ஸாஸ்டும் ஒத்துப்போகின்றன. ஏதேனும் ஒன்றில் நீர்த்துளியோ செந்துருவோ தெரிந்தால், அந்தப் பக்கத்து ரைசரைக் கழற்றி உட்சுவரில் நீர் எவ்வளவு தூரம் பின்னோக்கி வந்திருக்கிறது என்று பார்க்கும்வரை மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.